திரும்பிப் போனால்தான் தீர்வா? உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் பற்றி ஒரு விவாதம்

செங்காந்தள்:
கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 முடிவில், சொந்த நாட்டை விட்டுப் போகாமலே வீடிழந்து வேறிடத்தில் இருந்தவர்கள் 8 கோடியே 34 லட்சம் பேர் என்கிறது உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம். அவர்களில் 7 கோடியே 35 லட்சம் பேர் போராலும் கலவரத்தாலும் கிளம்பியவர்கள். சூடானில் மட்டும் 1 கோடியே 16 லட்சம். எல்லை தாண்டியவர்களுக்கு 1951 அகதிகள் ஒப்பந்தம் துணைக்கு வரும். தாண்டாதவர்களின் கதி, விரட்டிய அரசின் கையிலோ காப்பாற்றத் தவறிய அரசின் கையிலோதான். 1998-இல் ஐ.நா. பிரதிநிதி பிரான்சிஸ் டெங் முன்வைத்த, இடம்பெயர்ந்தோருக்கான 30 வழிகாட்டுநெறிகள் நல்ல ஆவணம்தான், ஆனால் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 2009-இல் கம்பாலாவில் இதை ஓர் உடன்படிக்கையாக்கின.

தாளில் மூன்று வழிகள் உண்டு: சொந்த ஊருக்குத் திரும்புவது, இருக்கிற இடத்திலேயே நிலைப்பது, மூன்றாவதாக ஓரிடத்தில் குடியேறுவது. மூன்றும் சமம் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் அரசுகள் முதலாவதை மட்டும்தான் தீர்வாக எண்ணுகின்றன. மற்ற இரண்டும் அவர்களுக்குத் தோல்வி.

மிசோரமிலிருந்து 1997-இல் இனக்கலவரத்தால் திரிபுராவுக்கு ஓடிவந்த புரூ பழங்குடி மக்களைப் பாருங்கள். 2009 முதல் 2019 வரை ஒன்பது சுற்று திருப்பி அனுப்பும் முயற்சி. போனவர்கள் கொஞ்சம்தான். 2019 அக்டோபரில் முகாம்களுக்கு ரேஷனையே நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் கிளம்பவில்லை. கடைசியில் 2020 ஜனவரியில் மத்திய அரசு, இரண்டு மாநில அரசுகள், புரூ தலைவர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். திரிபுராவிலேயே குடியிருப்பு. குடும்பத்துக்கு 40-க்கு 30 அடி மனை, வீடு கட்ட ஒன்றரை லட்சம், 4 லட்சம் வைப்புத்தொகை, இரண்டு ஆண்டுக்கு மாதம் 5,000 ரூபாயும் ரேஷனும், வாக்காளர் பட்டியலில் பெயர். ஏறத்தாழ 34,000 பேருக்கு மொத்தம் 600 கோடி. இதை 2000-லேயே செய்திருந்தால் ஒரு தலைமுறை முகாமில் வளர்ந்திருக்காது.

ஐந்து, பத்து ஆண்டு ஆகிவிட்டால் மக்கள் இருக்கிற இடத்துக்கே பணத்தை அனுப்புங்கள் என்பது என் கட்சி.

பூவரசு:
அப்போ அடித்து விரட்டினவனுக்கு நீங்கள் சொல்லும் செய்தி என்ன? பத்து வருசம் பிடித்து வைத்திரு, பிறகு சனத்துக்கு அரசாங்கம் வேறெங்காவது வீடு கட்டிக் கொடுக்கும், காணி உனக்கு.

பொஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் உடன்பாட்டின் ஏழாம் இணைப்பில், ஒவ்வொருவரும் போருக்கு முன் இருந்த தன் வீட்டுக்கே திரும்பலாம் என்று எழுதினார்கள். அப்போது எல்லாரும் சிரித்திருப்பார்கள். 22 லட்சம் பேர் இடம்பெயர்ந்த நாடு அது. 2004-க்குள் 10 லட்சம் பேர் திரும்பினார்கள். ஏறத்தாழ 2 லட்சம் வீட்டு உரிமைக் கோரிக்கைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தீர்க்கப்பட்டன. குடியிருந்தவரை எழுப்பி, உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்தார்கள். உங்களுடைய கணக்கைப் பார்த்திருந்தால் போர் கீறின இன எல்லை அப்படியே காணி எல்லையாகியிருக்கும்.

இலங்கையில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவையும் சொல்கிறேன். 2012 செப்டெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடி, மீள்குடியேற்றம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அங்கிருந்து கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்பிலவுக் குடும்பங்களின் ஊரில் அப்போது இராணுவம் இருந்தது. அவர்களைக் காடு வெட்டின சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். தீர்வு என்ற கணக்கில் அதுவும் ஏறியது. 2017-இல் அதே சனம் இராணுவ முகாம் வாசலில் குந்தியிருந்து காணி கேட்டது. ‘இருக்கிற இடத்துக்குப் பணம்’ என்ற உங்களுடைய வாதத்தை அன்றைக்கு அதிகாரிகள் சந்தோசமாகக் கையில் எடுத்திருப்பார்கள்.

செங்காந்தள்:
பூவரசு, கேப்பாப்பிலவில் நடந்தது காணிப் பறிப்பு. சம்மதம் கேட்காமல் இறக்கிவிட்டதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

பொஸ்னியாவுக்கு வருகிறேன். சாவி கிடைத்தது உண்மை. அப்புறம்? சாவி வாங்கியவர்களில் பலர் வீட்டை விற்றார்கள், அல்லது மாற்றிக்கொண்டு தங்கள் இனத்தவர் அதிகமாக இருக்கும் பக்கமே தங்கிவிட்டார்கள். திரும்பியவர்களில் வயதானவர்கள் அதிகம். வேலையும் பள்ளிக்கூடமும் இல்லாத ஊருக்கு இளையவர்கள் ஏன் போவார்கள்? சொத்துரிமை திரும்பியது, ஆள் திரும்பவில்லை. இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வீடு தன்னுடையது என்று ஆன பிறகு விற்பதும் அவர் உரிமைதானே. எங்கே வாழ்வது என்பதும் எது என் சொத்து என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதை விட்டுக்கொடுத்ததாக ஏன் ஆக வேண்டும்?

கோப்பறை:
மாவட்ட அளவில் நிவாரணக் கோப்புகளோடு பல காலம் இருந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். அரசுகளுக்குத் ‘திரும்பிப் போதல்’ ஏன் பிடிக்கிறது தெரியுமா? கோப்பு மூடப்படும். ஒரு பேருந்து, ஒரு முறை தொகை, ஒரு கையெழுத்து, முடிந்தது. இருக்கிற இடத்தில் நிலைக்க வைப்பதென்றால் மனை வேண்டும், குடிநீர் இணைப்பு, வடிகால், கூடுதல் வகுப்பறை, அப்புறம் அதையெல்லாம் ஆண்டுதோறும் பராமரிக்கிற செலவு. அது எந்தத் துறைத் தலைப்பில் வரும்? நிவாரணத் துறை ‘எங்கள் வேலை முடிந்தது’ என்னும். நகராட்சி ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்னும்.

ஈராக்கில் 2014 முதல் 2017 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். பெரும்பாலோர் தாமாகவே திரும்பினார்கள். திரும்ப முடியாமல் முகாமில் மிஞ்சியவர்களை 2020 அக்டோபரிலிருந்து அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். வீடு இடிந்தவர்கள் இருந்தார்கள். பாதுகாப்பு அனுமதி கிடைக்காதவர்கள் இருந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் ஐஎஸ் அமைப்பில் இருந்தார் என்ற சந்தேகத்தால் அடையாள ஆவணமே பெற முடியாதவர்களும் இருந்தார்கள். போன இடத்தில் சேர்க்கவில்லை என்று மறுபடி கிளம்பி, கட்டி முடிக்காத கட்டடங்களிலும் ஊரோரக் கொட்டகைகளிலும் தங்கியவர்கள் உண்டு. முகாம் மூடியதும் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆட்கள் அப்படியே இருந்தார்கள்.

2010-இல் ஐ.நா. அமைப்புகளின் நிலைக்குழு ஒரு சட்டகம் வெளியிட்டது. தீர்வு வந்துவிட்டதா என்று பார்க்க எட்டு அளவுகோல்கள். பாதுகாப்பு, வாழ்க்கைத்தரம், பிழைப்பு, வீடும் நிலமும், ஆவணங்கள் என்று போகும். ‘ஊருக்குத் திரும்பினாரா’ என்பது அந்த எட்டில் இல்லை. ஆனால் கூட்டங்களில் மேலிடம் கேட்கிற முதல் கேள்வியே எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதுதான்.

மூன்றாம் வரிசை:
எல்லாரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் மறுபக்கம் கேட்கிறேன். முகாமுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஏழைக்கு என்ன பதில்? அவன் போரில் எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் இழப்பதற்கு அவனிடம் எதுவும் இருந்ததில்லை. வந்தவர்களால் வாடகை ஏறுகிறது, கூலி இறங்குகிறது. பிறகு வந்தவர்களுக்கு மனையும் வைப்புத்தொகையும், இவனுக்கு வேடிக்கை.

செங்காந்தள், நீங்கள் புகழ்ந்த புரூ ஒப்பந்தத்துக்கு அப்புறம் நடந்ததை ஏன் எழுதவில்லை? திரிபுராவின் காஞ்சன்பூர் பக்கம் குடியேற்றத்துக்கு எதிராக உள்ளூர்க்காரர்கள் கிளம்பினார்கள். 2020 நவம்பரில் பானிசாகரில் மறியல், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. ஓர் இடப்பெயர்வைத் தீர்க்கப் போய் இன்னொரு சண்டைக்கு விதை போட்டாயிற்று.

சிறப்புத் தகுதியே வேண்டாம் என்கிறேன். ஏழை என்றால் ஏழைக்கான திட்டம். எங்கிருந்து வந்தான் என்று கேட்காதீர்கள்.

செங்காந்தள்:
பானிசாகர் நடந்தது உண்மை. ஆனால் அந்த மக்களை இருபது ஆண்டு தற்காலிகமாகவே வைத்திருந்ததால்தானே பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அவர்கள் ‘ஒருநாள் போய்விடுவார்கள்’ என்ற எண்ணம் ஊறியது. உள்ளூர்க்காரர்களை மேசையில் உட்கார வைக்காமல் போட்ட ஒப்பந்தம் என்ற குறையை நானும் சொல்வேன். தண்ணீர்க் குழாய் போட்டால் முகாமோடு நிறுத்தாமல் சுற்றியிருக்கும் தெருக்கள் முழுவதற்கும் போட வேண்டும். அதில் உங்களோடு சண்டை இல்லை.

ஆனால் ‘ஏழைக்கான திட்டம் போதும்’ என்பதை ஏற்க முடியாது, சகோ. பக்கத்துத் தெரு ஏழைக்குக் குடியிருப்புச் சான்று இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. இடம்பெயர்ந்தவருக்குப் பல நாடுகளில் அதுவே இல்லை. ஜார்ஜியாவில், போரில் பிரிந்துபோன அப்காசியாப் பகுதியிலிருந்து வந்தவர்கள் 2003 வரை தாங்கள் வாழ்ந்த தொகுதியின் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. உக்ரைனில் 2014-இல் போர் மூண்ட கிழக்குப் பகுதியான டான்பாஸிலிருந்து கிளம்பியவர்கள், 2020-இல் புதிய தேர்தல் சட்டம் வரும்வரை, குடியிருக்கும் நகரத்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. ஓட்டு இல்லாதவர் தெருவுக்கு எந்த மேயர் வடிகால் போடுவார்?

கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் 1,150 குடும்பங்களின் மனுக்களைச் சேர்த்து விசாரித்து, இடம்பெயர்ந்தவர்களின் நிலைமையே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. 1997-லேயே அங்கே சட்டம் இருந்தது. பணம்தான் ஒதுக்கவில்லை. சட்டம் போட்டால் செலவும் செய் என்று நீதிமன்றம் பல ஆண்டுகள் விடாமல் கண்காணித்தது. பொதுவான ஏழ்மைத் திட்டத்தில் கரைத்திருந்தால் யார் மேல் வழக்குப் போட்டிருப்பார்கள்?

பூவரசு:
‘இரண்டையும் கொடு, இங்கே வீடு, அங்கே உரிமை’ என்கிறீர்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் மணிக்கணக்குத்தான். கூடுதலானோர் புத்தளத்தில் தங்கி, இருபது வருசத்தில் அங்கே ஒரு சின்ன வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஏதோ நிலைத்தார்கள். 2009-க்குப் பிறகு ஊருக்குத் திரும்ப வந்தபோது என்ன கேள்வி வந்தது? ‘உங்களுக்குத்தான் புத்தளத்தில் வீடு இருக்கிறதே.’ இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள், பதிவு பொய் என்று சொன்னார்கள். 1990-இல் ஓடினவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோராம், 2008-க்குப் பின் ஓடினவர்கள் ‘புதிய’வர்களாம், உதவி புதியவர்களுக்கு முதலாம். பிழைத்துக்கொண்டதே அவர்கள் செய்த குற்றமாகிப் போச்சு.

இதைச் செய்தவர்கள் எங்கட ஆட்களும்தான் என்பதால் சொல்லாமல் விட முடியாது. விரட்டினவர் யாராக இருந்தாலும் இதே கதைதான். இங்கே வீடு கொடுத்த கையோடு அங்கே உரிமை கேட்கும் வாயை அடைத்துவிடுவார்கள்.

செங்காந்தள்:
அடைக்க முடியாதபடி எழுதலாம். ஜார்ஜியா அதைச் செய்தது, தாமதமாக. 1993-இல் அப்காசியாவிலிருந்து வந்தவர்களைத் திபிலிசியின் இவேரியா விடுதியிலும் ஸ்கல்துபோ ஊரின் பழைய சானடோரியங்களிலும் (உடல்நல ஓய்வில்லங்கள்) அடைத்து வைத்தார்கள். இங்கே நிலைத்துவிட்டால் அப்காசியாவைக் கைவிட்டதாகிவிடும் என்று அரசே பயந்தது. ஆகவே அந்த மக்கள் கோரிக்கைக்குச் சாட்சியாக விடுதி அறைகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், கொடி மாதிரி. 2007-இல்தான் அரசு தன் கொள்கையில் இரண்டு இலக்குகளை எழுதியது: திரும்பும் உரிமை நிற்கும், அதுவரை இங்கே கௌரவமான வாழ்க்கை. தங்கியிருந்த அறைகளைப் பெயருக்கு ஒரு லாரி (ஜார்ஜிய நாணயம்) விலையில் அவர்கள் பெயரிலேயே பதிந்து கொடுத்தார்கள். அதே நேரத்தில் ஐ.நா. பொதுச்சபையில் திரும்பும் உரிமைத் தீர்மானத்தை ஆண்டுதோறும் கொண்டுபோகிறார்கள். ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

கோப்பறை:
பாதிக் கதை, செங்காந்தள். ஒழுகும் கூரையும் துருப்பிடித்த குழாயும் உள்ள கட்டடத்தின் ஓர் அறையை ஒருவர் பெயரில் எழுதிவிட்டால் பராமரிப்பும் அவர் தலையில். அரசுக்குச் செலவு ஒரு பத்திரத் தாள். உரிமைப் பத்திரம் கொடுத்ததைத் தீர்வு என்று எண்ணுவதும் பேருந்தில் ஏற்றியதைத் தீர்வு என்று எண்ணுவதும் எனக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரிகிறது.

நீர்வழி:
போர் பற்றியே பேசுகிறீர்கள், புயலுக்கும் ஒரு வரி. 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் தக்ளோபானை அடித்துப்போட்ட பிறகு, கரையிலிருந்து 40 மீட்டருக்குள் குடியிருப்பு கூடாது என்றார்கள். நியாயமான பேச்சுதான். நகரின் வட பகுதியில் வீடுகள் கட்டினார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, லாரியில் வந்தது. மீன் பிடிக்கிறவருக்குப் படகும் சந்தையும் பழைய கரையில், வீடு வெகுதூரத்தில். தினமும் போய்வரும் செலவு வருமானத்தைத் தின்றது. பலர் பகலில் மறுபடி கரையில்தான்.

சொந்த இடத்துக்குப் போவதே ஆபத்து என்ற நிலையில் பூவரசு சொல்லும் ‘திரும்பு’ எடுபடாது. ஆனால் வீட்டை மட்டும் நகர்த்திப் பிழைப்பை விட்டுவிட்டால் செங்காந்தள் சொல்வதும் எடுபடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 100, 200 மீட்டர் தடை வலயம் போட்டு, பின்னால் தளர்த்த வேண்டி வந்ததும் இப்படித்தான்.

மூன்றாம் வரிசை:
சரி, யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள். எப்போது முடியும்? ஜார்ஜியாவில் அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் இடம்பெயர்ந்தவர் என்ற தகுதி பெற்றோரிடமிருந்து வருகிறது. கொலம்பியப் பதிவேட்டில் 80 லட்சம் பேருக்கு மேல். பட்டியலில் ஏற வழி இருக்கிறது, இறங்க வழி இல்லை. பேரப்பிள்ளை வரைக்கும் நிவாரணமா?

பூவரசு:
நிவாரணத்தை நான் கேட்கவேயில்லை, தம்பி. உலர் உணவைத் தேவை பார்த்து எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காணி தேவை பார்த்துக் கொடுக்கிற சாமான் இல்லை. பணக்காரனாகிவிட்டேன் என்பதற்காக என்னுடைய வங்கிக் கணக்கை மூடிவிடுவார்களா?

கொலம்பியாவிலேயே நிலத்தை மீட்டுக் கொடுக்கும் 2011 சட்டத்தைப் பாருங்கள். நிலம் என்னுடையது, வன்முறையால் விட்டு ஓடினேன் என்பதற்கு ஓடினவர் ஆரம்ப அளவில் ஆதாரம் காட்டினால் போதும். நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை எதிர்த் தரப்பின் தலையில். பத்து வருசச் சட்டம், முடியாமல் 2031 வரை நீட்டினார்கள். நிலம் கேட்டதற்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். காணிக் கேள்வியில் எவ்வளவு பேருக்கு எவ்வளவு ஆதாயம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கோப்பறை:
மூன்றாம் வரிசையின் கேள்வி நிர்வாகத்தில் நிஜமான தலைவலி. என் யோசனை: தகுதியையும் உதவியையும் பிரித்துவிடுங்கள். உதவி, தேவை தீர்ந்தால் நிற்கட்டும். உரிமைப் பதிவு தனியாக இருக்கட்டும், அதற்கு மாதச் செலவு இல்லை. இரண்டும் ஒரே அட்டையில் இருப்பதால்தான் மக்கள் அட்டையை விட மறுக்கிறார்கள், அரசு அட்டையைப் பிடுங்கப் பார்க்கிறது.

நிலம் எங்கே என்ற கேள்வி மட்டும் அதில் தீராது. சோமாலியாவின் பைதோவாவில் 2019 முதல் பர்வாகோ என்ற இடத்தில் குடும்பங்களுக்கு உரிமை ஆவணத்தோடு மனை கொடுத்தார்கள். அது அரசு நிலம் என்பதால் முடிந்தது. தலைநகர் மொகதிசுவில் முகாம்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில். நில விலை ஏறியதும் ஒரே இரவில் காலி செய்யச் சொல்வார்கள். அங்கே எந்த அரசு விலை கொடுத்து வாங்கும்?

செங்காந்தள்:
கோப்பறை சார் சொன்ன பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. பூவரசுவின் பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. சைப்ரஸில் 1974-இல் துருக்கிப் படை வடக்கைப் பிடித்த பிறகு, அங்கே தன் நிலத்துக்குப் போக முடியாமல், நிக்கோசியாவில் வாழ்ந்துகொண்டே டிட்டினா லோய்சிடு துருக்கி மேல் வழக்குப் போட்டார். தெற்கில் நன்றாகத்தான் வாழ்கிறாய் என்று யாரும் தள்ளிவிடவில்லை. 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் இன்னும் உரிமையாளரே என்றது. 1998-இல் நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் போன காலத்துக்கு இழப்பீடு போட்டது. 2003-இல் துருக்கி பணத்தைக் கட்டியது. இன்னோர் ஊரில் நிலைத்தவருக்கும் உரிமை நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா?

கோப்பறை:
அதே நீதிமன்றம் 2010-இல் டெமோபுலோஸ் வழக்கில் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். முப்பத்தைந்து ஆண்டு கடந்துவிட்டது, அங்கே இப்போது வேறு மக்கள் குடியிருக்கிறார்கள், எல்லாரையும் எழுப்பி நிலத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்ல முடியாது, உள்ளூர் ஆணையத்தில் இழப்பீடோ மாற்று நிலமோ கேளுங்கள் என்றது. காலம் போகப் போக உரிமை தேயும் என்பதும் தீர்ப்புதான்.

பூவரசு:
அதுதானே ஐயா, முதலிலிருந்து நான் சொல்வது. இழுத்தடித்தவனுக்கு லாபம். அப்படியென்றால் லோய்சிடுவுக்குக் கொடுத்தது போல, பயன்படுத்த முடியாத காலத்துக்கான தொகையை வழக்கின் முடிவில் கணக்குப் பார்க்க வேண்டாம். ஓடின முதல் நாளிலிருந்தே வாடகையாக ஏறட்டும். காணியைப் பிடித்து வைத்திருப்பது இராணுவமோ கம்பனியோ அயலவனோ, மாதா மாதம் கட்டட்டும். அந்தப் பணத்தில் செங்காந்தள் கேட்கிற குழாயும் வடிகாலும் போடலாம், மொகதிசுவில் நிலமும் வாங்கலாம். எத்தனை பேர் காணியை விட்டு எழும்புகிறார்கள் என்று அப்போது பாருங்கள்.

மூன்றாம் வரிசை:
வசூல் பண்ணப் போவது யார், அதே அரசுதானே?